பழைய நடுத்தர வடிவ ஒளிப்படக்கருவிகளில் பிளாஷ் பயன்பாடு

பழைய நடுத்தர வடிவ ஒளிப்படக்கருவிகளில் பிளாஷ் பயன்பாடு என்பது, 120 வகைப் படச்சுருளில் இயங்கும் பழைய ஒளிப்படக்கருவிகளுடன் தற்கால மின்னணு பிளாஷ் விளக்குகளை இணைத்துப் படமெடுக்கும் முறை ஆகும். ரோலிஃபிளெக்ஸ், யாசிகா மேட், மாமியா, ஹாசல்பிளாட் முதலிய கருவிகளில் பல இன்றும் இயங்கும் நிலையில் உள்ளன. இவற்றுக்கென விற்கப்பட்ட பிளாஷ் விளக்குகளோ பெரும்பாலும் பழுதடைந்துவிட்டன. ஆகவே எண்ணிம ஒளிப்படக்கருவிகளுக்காகச் செய்யப்பட்ட புதிய பிளாஷ்களை இவற்றுடன் பயன்படுத்த வேண்டிய தேவை எழுகிறது.

பழைய கருவிக்கும் புதிய பிளாஷுக்கும் பொதுவாக உள்ளது ஒரேயொரு மின்தொடர்பு மட்டுமே. ஷட்டர் முழுமையாகத் திறக்கும் கணத்தில் கருவியினுள் உள்ள இரு உலோக முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அதனால் பிளாஷ் ஒளிர்கிறது. தொலைவு, படச்சுருளின் வேகம், வில்லையின் துளை ஆகிய எந்தத் தகவலும் அத்தொடர்பின் வழியே செல்வதில்லை. தற்காலக் கருவிகள் தாமாகவே செய்துகொள்ளும் கணிப்புகள் அனைத்தையும் இங்கு ஒளிப்படக் கலைஞரே செய்ய வேண்டும். 6×6 செ.மீ. வடிவில் ஒரு சுருளுக்கு 12 படங்களே கிடைப்பதாலும், சுருளைக் கழுவும் வரை பிழை தெரியாது என்பதாலும் இக்கணிப்புகள் முதன்மை பெறுகின்றன.

நடுத்தர வடிவம்

35 மி.மீ. படச்சுருளை விடப் பெரியதும், தாள் படலங்களை விடச் சிறியதுமான படச்சட்டம் நடுத்தர வடிவம் எனப்படுகிறது. இதற்குப் பயன்படும் 120 வகைச் சுருளை 1901 ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள இச்சுருள் ஒளிபுகாத தாளுடன் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும். ஒரு சுருளில் கிடைக்கும் படங்களின் எண்ணிக்கை கருவியின் வடிவத்தைப் பொறுத்து மாறுபடும்.

- 6×4.5 செ.மீ. - 15 அல்லது 16 படங்கள்
- 6×6 செ.மீ. - 12 படங்கள்
- 6×7 செ.மீ. - 10 படங்கள்
- 6×9 செ.மீ. - 8 படங்கள்

வரலாறு

செயற்கை ஒளியில் படமெடுக்க முதலில் மக்னீசியம் கலந்த பொடி எரிக்கப்பட்டது. இத்தகைய பிளாஷ் பொடியை 1887 ஆம் ஆண்டில் செருமனியைச் சேர்ந்த அடால்ஃப் மீத்தே, யோகான்னசு கேடிக்கே ஆகியோர் உருவாக்கினர். புகையும் தீ விபத்தும் இதன் குறைகளாக இருந்தன. 1929-30 காலப்பகுதியில் கண்ணாடிக் குமிழினுள் மெல்லிய உலோக இழையை எரிக்கும் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பல்பை ஒருமுறை மட்டுமே பயன்படுத்த இயலும்.

1931 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் அரோல்டு எட்கர்ட்டன் மின்னணு பிளாஷ் முறையை வளர்த்தெடுத்தார். மின்தேக்கியில் சேமித்த மின்னாற்றலை வளிமம் நிரப்பிய குழாயின் வழியே ஒரே கணத்தில் பாய்ச்சி ஒளி உண்டாக்குவதே இம்முறையாகும். இன்றைய பிளாஷ்களில் செனான் வளிமக் குழாய் உள்ளது.

இரட்டை வில்லைக் கருவிகளுள் புகழ்பெற்ற ரோலிஃபிளெக்ஸ் 1929 இல் செருமனியின் பிரவுன்சுவைக் நகரில் வெளிவந்தது. வில்லைக்குள்ளேயே ஷட்டரைக் கொண்ட ஹாசல்பிளாட் 500சி 1957 இலும், மாமியா சி330 1969 இலும், மாமியா ஆர்பி67 1970 இலும் வெளியாயின. யாசிகா மேட் 124ஜி 1970 முதல் 1986 வரை விற்கப்பட்டது. இக்காலத்தின் தொடக்கத்தில் பல்பும் மின்னணு பிளாஷும் அருகருகே வழக்கில் இருந்தன. எனவேதான் அக்காலக் கருவிகள் பலவற்றில் இரண்டுக்கும் தனித்தனியான ஒத்திசைவு நிலைகள் உள்ளன.

தமிழகச் சூழல்

தமிழ்நாட்டின் ஒளிப்பட நிலையங்கள், அதாவது ஸ்டூடியோக்கள், பல பத்தாண்டுகள் 120 சுருளைப் பயன்படுத்தின. ரோலிகார்ட், ரோலிஃபிளெக்ஸ், யாசிகா, மாமியா ஆகிய கருவிகள் திருமணம், குடும்பப் படம், கடவுச்சீட்டுப் படம் ஆகியவற்றுக்குப் பயன்பட்டன. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞரான ஓமாய் வியாரவாலா (1913-2012) பயன்படுத்திய கருவிகளுள் ரோலிஃபிளெக்சும் ஒன்று.

படச்சுருளை உள்நாட்டிலேயே செய்யும் நோக்கில் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நடுவண் அரசு நிறுவனம் 1960 இல் நிறுவப்பட்டு, 1967 இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் சுருள்களும் தாள்களும் 'இந்து' என்ற பெயரில் விற்கப்பட்டன. 1996 இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்ட அது பின்னர் மூடப்பட்டது. 35 மி.மீ. வண்ணச் சுருளும் அதன்பின் எண்ணிமக் கருவிகளும் பரவியதால், நிலையங்களில் நடுத்தர வடிவக் கருவிகள் பயன்பாட்டிலிருந்து விலகின.

நிலையங்களில் எடுக்கப்பட்ட பழைய படங்களைக் காக்கும் பணியில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஈடுபட்டது. பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் ஆதரவுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழக நிலையப் படங்கள் எண்ணிம வடிவில் பதிவு செய்யப்பட்டன. படங்களைப் போன்றே அவற்றை எடுத்த கருவிகளும் குடும்பங்களிடமும் பழைய பொருள் விற்பனையாளரிடமும் எஞ்சியுள்ளன. மின்கலமே இல்லாமல் இயங்கும் இயந்திரமுறை ஷட்டர்களைத் தூய்மை செய்து மீண்டும் இயக்க முடிகிறது.

ஷட்டர் வகைகளும் ஒத்திசைவும்

பிளாஷ் ஒளிரும் கால அளவு மிகக் குறைவு. அக்கணத்தில் ஷட்டர் முழுமையாகத் திறந்திருந்தால் மட்டுமே படச்சட்டம் முழுவதும் ஒளி விழும். இவ்வாறு பொருந்துவதே ஒத்திசைவு எனப்படும். இது ஷட்டரின் வகையைப் பொறுத்தது.

இதழ் ஷட்டர்: வில்லைக்குள் அமைந்த மெல்லிய உலோக இதழ்கள் நடுவிலிருந்து விரிந்து, மீண்டும் மூடிக்கொள்ளும். எந்த வேகத்திலும் இதழ்கள் முழுமையாகத் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. ஆகவே எல்லா வேகங்களிலும் பிளாஷ் ஒத்திசையும்.

குவியத்தள ஷட்டர்: படச்சுருளுக்குச் சற்று முன்னால் இரு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். வேகம் கூடும்போது முதல் திரை கடந்து முடிப்பதற்குள் இரண்டாம் திரை நகரத் தொடங்கிவிடும். இடையில் ஒரு பிளவு மட்டுமே திறந்திருக்கும். அப்போது பிளாஷ் ஒளிர்ந்தால் படத்தின் ஒரு பட்டை மட்டும் பதிவாகி, எஞ்சிய பகுதி இருண்டிருக்கும். நடுத்தர வடிவத்தில் திரை கடக்க வேண்டிய தொலைவு அதிகமாதலால் ஒத்திசைவு வேகம் மிகவும் குறைவு.

சில கருவிகளின் மிகுதியான ஒத்திசைவு வேகங்கள் பின்வருமாறு:

- யாசிகா மேட் 124ஜி (இதழ்) - 1/500 நொடி
- ஹாசல்பிளாட் 500சி (இதழ்) - 1/500 நொடி
- மாமியா சி330 (இதழ்) - 1/500 நொடி
- மாமியா ஆர்பி67 (இதழ்) - 1/400 நொடி
- மாமியா எம்645 (குவியத்தளம்) - 1/60 நொடி
- பென்டாக்ஸ் 6×7 (குவியத்தளம்) - 1/30 நொடி
- பென்டாகன் சிக்ஸ் (குவியத்தளம்) - 1/25 நொடி

எண்ணிமக் கருவிகளில் உள்ள அதிவேக ஒத்திசைவு வசதி பழைய கருவிகளில் செயற்படாது. அதற்குக் கருவியும் பிளாஷும் ஒன்றோடொன்று தகவல் பரிமாற வேண்டும்.

எம், எக்ஸ் நிலைகள்

பழைய இதழ் ஷட்டர்கள் பலவற்றில் 'எம்', 'எக்ஸ்' என்னும் எழுத்துகள் பொறித்த சிறு நெம்புகோல் காணப்படும். எம் என்பது பல்புக்கான நிலையாகும். பல்பு எரியத் தொடங்கி முழு ஒளியை எட்டுவதற்கு ஏறத்தாழ 20 மில்லி நொடிகள் ஆகும். எனவே எம் நிலையில் மின்தொடர்பு முதலில் ஏற்பட்டு, ஷட்டர் சற்றுத் தாமதித்துத் திறக்கும். எக்ஸ் என்பது செனான் பிளாஷுக்கான நிலையாகும். இதில் ஷட்டர் முழுதும் திறந்த கணத்திலேயே தொடர்பு ஏற்படும்.

மின்னணு பிளாஷை எம் நிலையில் பயன்படுத்தினால், ஷட்டர் திறக்கும் முன்பே பிளாஷ் ஒளிர்ந்து முடிந்துவிடும். கண்ணுக்குப் பிளாஷ் சரியாக ஒளிர்ந்ததாகவே தோன்றும். சுருளில் பிளாஷ் ஒளி பதியாது. பழைய கருவியை முதன்முறை பயன்படுத்துவோரிடம் ஒரு முழுச் சுருளும் வீணாவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். ஒவ்வொரு சுருளை ஏற்றும்போதும் நெம்புகோலைச் சரிபார்ப்பது நல்லது.

சில ஷட்டர்களில் இதே நெம்புகோலில் 'வி' என்னும் மூன்றாம் நிலையும் உண்டு. அது தாமத இயக்கத்துக்குரியது. பழைய கருவிகளில் இப்பொறி சிக்கிக்கொண்டால் ஷட்டரே இயங்காமல் போகலாம் என்பதால், அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பானது. பென்டாக்ஸ் 6×7 கருவியில் நெம்புகோலுக்குப் பதிலாக 'எஃப்.பி.', 'எக்ஸ்' என இரு முனையங்கள் உள்ளன. மின்னணு பிளாஷை எக்ஸ் முனையத்தில் மட்டுமே இணைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரோலிஃபிளெக்ஸ் போன்ற சில கருவிகளில் ஒத்திசைவு முனையமே இல்லை. இவற்றில் இருண்ட இடத்தில் கருவியைத் தாங்கியில் நிறுத்தி, ஷட்டரை 'பி' நிலையில் திறந்து வைத்து, பிளாஷைக் கையால் ஒளிரச் செய்து, பின் ஷட்டரை மூடலாம்.

இணைப்பு முறை

பழைய கருவிகளின் ஒத்திசைவு முனையம் பி.சி. முனையம் எனப்படும். புரோன்டோர், காம்பூர் என்னும் இரு செருமானிய ஷட்டர்களின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் இது, கணினியுடன் தொடர்பற்றது. யாசிகா மேட் 124ஜி போன்றவற்றின் பக்கவாட்டில் உள்ள பிளாஷ் தாங்கியில் மின்தொடர்பு இல்லை. அது பிளாஷைப் பிடித்து நிறுத்த மட்டுமே உதவும். ஆகவே மூன்று முறைகளில் ஒன்றைக் கையாளலாம்.

- பிளாஷில் பி.சி. முனையம் இருந்தால் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்தல்.
- பிளாஷில் முனையம் இல்லையெனில், அதன் அடிப்பகுதியைப் பொருத்தக்கூடிய மாற்றித் தாங்கி ஒன்றை இடையில் பயன்படுத்துதல்.
- கம்பியில்லா வானொலித் தூண்டியின் அனுப்பியைக் கருவியின் பி.சி. முனையத்துடன் இணைத்து, பிளாஷைத் தனியே நிறுத்துதல்.

பிளாஷின் அடியில் பல உலோகப் புள்ளிகள் இருப்பினும், நடுவில் உள்ள பெரிய புள்ளியும் பக்கத் தண்டவாளமும் மட்டுமே தூண்டுதலுக்குப் பயன்படுகின்றன. ஏனைய புள்ளிகள் அந்தந்த நிறுவனத்தின் எண்ணிமக் கருவிகளுடன் தகவல் பரிமாறுவதற்கு உரியவை. பழைய உலோகத் தாங்கியில் பிளாஷை நேரடியாகச் செருகினால் இப்புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்துவிட வாய்ப்புண்டு. இடையில் மெல்லிய மின்காப்பு நாடாவை ஒட்டினால் இதைத் தவிர்க்கலாம்.

தற்கால பிளாஷ்கள் மின்கலத்தைச் சேமிக்கச் சில நிமிடங்களில் உறங்கு நிலைக்குச் சென்றுவிடும். எண்ணிமக் கருவி அதனை மீண்டும் எழுப்பும். பழைய கருவியின் தொடர்பால் பொதுவாக அவ்வாறு எழுப்ப இயலாது. எனவே உறங்கு வசதியை நிறுத்திவைக்க வேண்டும்.

மாற்றித் தாங்கி, கம்பி, பல்வகை மின்னளவி போன்ற பொருள்கள் சென்னையில் ரிச்சி தெருவின் மின்னணுப் பொருள் கடைகளிலும் ஒளிப்படக் கருவிக் கடைகளிலும் தேடத்தக்கவை. பி.சி. முனை எளிதில் தளர்ந்துவிடும் இயல்புடையது. ஆதலால் ஒரு கூடுதல் கம்பியை உடன் வைத்திருப்பது வழக்கம்.

தூண்டு மின்னழுத்தம்

பிளாஷின் தொடர்பு முனைகளுக்கு இடையே நிலவும் மின்னழுத்தம் தூண்டு மின்னழுத்தம் எனப்படும். பழைய பிளாஷ்கள் சிலவற்றில் இது மிகவும் அதிகம். விவிட்டார் 283 பிளாஷின் தொடக்ககாலப் படிகளில் இது 200 வோல்ட்டுக்கும் மேலாகும். தற்கால பிளாஷ்களில் பெரும்பாலும் இது 10 வோல்ட்டுக்கும் குறைவு. ஐ.எஸ்.ஓ. 10330 தரம் 24 வோல்ட்டை வரம்பாகக் கொள்கிறது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, பழைய இயந்திரமுறைக் கருவியில் குறைகடத்திகள் இல்லை. உலோக முனைகளே தொடுகின்றன. ஆகவே புதிய பிளாஷின் குறைந்த மின்னழுத்தத்தால் கருவிக்கு எவ்விதத் தீங்கும் இல்லை.

இரண்டாவதாக, இதற்கு நேர்மாறான இணைப்பு ஆபத்தானது. பழைய கருவியுடன் கிடைத்த பழைய பிளாஷை எண்ணிமக் கருவியில் பொருத்தினால், அக்கருவியின் மின்சுற்று பழுதடையலாம். பிளாஷை மின்னேற்றி, நடுப்புள்ளிக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் இடையே நேர்மின்னழுத்தத்தை மின்னளவியால் அளந்த பின்னரே அதுபற்றி முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, உயர் மின்னழுத்தம் கருவியின் தொடர்பு முனைகளில் படிந்த மெல்லிய அழுக்கையோ ஆக்சைடுப் படலத்தையோ ஊடுருவிச் சென்றுவிடும். குறைந்த மின்னழுத்தத்தால் அது இயலாது. இதனால் பழைய பிளாஷுடன் இயங்கிய கருவி, புதிய பிளாஷுடன் சிலவேளை ஒளிரும், சிலவேளை ஒளிராது. இக்குறை பிளாஷில் இல்லை. கருவியின் தொடர்பு முனைகளில் உள்ளது. கடற்கரையை அடுத்த சென்னைப் பகுதியின் ஈரப்பதமும் உப்புக் காற்றும் இத்தகைய படலம் தோன்றத் துணைபுரிகின்றன.

ஒளியளவைக் கணித்தல்

பிளாஷின் ஆற்றல் வழிகாட்டி எண்ணால் குறிக்கப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 100 வேகத்தில், மீட்டர் அளவில்,

வழிகாட்டி எண் = தொலைவு × எஃப் எண்

எனவே வழிகாட்டி எண்ணைத் தொலைவால் வகுத்தால் வைக்க வேண்டிய எஃப் எண் கிடைக்கும். வழிகாட்டி எண் 36 எனில்:

- 1.6 மீ. - எஃப்/22
- 2.3 மீ. - எஃப்/16
- 3.3 மீ. - எஃப்/11
- 4.5 மீ. - எஃப்/8
- 6.4 மீ. - எஃப்/5.6

ஐ.எஸ்.ஓ. 400 சுருளில் வழிகாட்டி எண் இரு மடங்காகும். பிளாஷின் ஆற்றலை 1/4 ஆகக் குறைத்தால் வழிகாட்டி எண் பாதியாகும். தொலைவு என்பது பிளாஷிலிருந்து ஆளுக்கு உள்ள தொலைவாகும். பிளாஷ் கருவியின் மீதே இருந்தால், குவியப்படுத்திய பின் கருவியின் தொலைவு அளவுகோலைப் படித்து இதை அறியலாம்.

பிளாஷ் உறைமீது அச்சிட்ட எண்ணை அப்படியே கொள்ளலாகாது. அது பெரும்பாலும் ஒளியை மிகக் குறுக்கிய நிலைக்கு உரியது. 200 மி.மீ. நிலையில் 60 என்னும் எண்ணைக் கொண்ட பிளாஷ், 35 மி.மீ. நிலையில் ஏறத்தாழ 36 மட்டுமே தரக்கூடும். பிளாஷின் கையேட்டில் உள்ள அட்டவணையிலிருந்து உரிய எண்ணை எடுக்க வேண்டும்.

பிளாஷ் தலையில் காணும் மி.மீ. அளவுகள் 35 மி.மீ. வடிவக் கருவிக்கு உரியவை. 6×6 வடிவில் 80 மி.மீ. வில்லை இயல்பு வில்லையாகும். 35 மி.மீ. வடிவில் 50 மி.மீ. இயல்பு வில்லை என்பதால், பிளாஷை 50 இல் வைப்பது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் 6×6 சதுர வடிவமாதலால், மேல்கீழ்ப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 39 பாகை ஆகும். இது 35 மி.மீ. வடிவில் ஏறத்தாழ 34 மி.மீ. வில்லையின் மேல்கீழ்க் கோணத்துக்குச் சமம். ஆகவே 50 இல் வைத்தால் படத்தின் மேலும் கீழும் இருளும். 35 அல்லது 28 நிலையே ஏற்றது.

மேலும் சில திருத்தங்கள் தேவைப்படும்.

- திறந்த வெளியில் இரவில் எடுக்கும்போது சுவர்களின் எதிரொளி இல்லாததால் அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கூடுதலாகத் திறக்க வேண்டும்.
- மாமியா சி330, ஆர்பி67 போன்ற துருத்தி உள்ள கருவிகளில் அண்மைப் படம் எடுக்கும்போது வில்லை முன்னே நகர்வதால் ஒளி குறையும். 80 மி.மீ. வில்லை படச்சுருளிலிருந்து 160 மி.மீ. தொலைவுக்கு நீண்டால் இரண்டு ஸ்டாப் குறையும்.
- எதிர்மறைச் சுருள்கள் கூடுதல் ஒளியை ஓரளவு தாங்கும். குறைவான ஒளியை அவ்வளவாகத் தாங்கா. ஐயம் ஏற்படின் அரை ஸ்டாப் கூடுதலாகத் திறக்கலாம். ஒளி ஊடுருவும் சிலைடு சுருள்களுக்கு இவ்விதி பொருந்தாது.

கணிப்பைத் தவிர்க்க விரும்புவோர், பிளாஷின் முகப்பில் உள்ள உணரியால் ஒளியைத் தானே நிறுத்திக்கொள்ளும் தானியங்கி நிலையைப் பயன்படுத்தலாம். இதில் படச்சுருளின் வேகத்தையும் எஃப் எண்ணையும் பிளாஷில் குறிப்பிட்டால் போதும். நிக்கான் எஸ்பி-800 போன்ற சில பிளாஷ்களில் இவ்வசதி உண்டு. வில்லை வழியே ஒளியை அளக்கும் டி.டி.எல். முறை இதிலிருந்து வேறானது. அம்முறை பழைய இயந்திரமுறைக் கருவிகளில் செயற்படாது.

பகலில் நிரப்பொளி: தாம்பரம் எடுத்துக்காட்டு

இதழ் ஷட்டரின் சிறப்பு பகல் வெளிச்சத்தில்தான் தெளிவாக விளங்கும். தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்கள் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளன. இதனால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24, ஆகத்து 18 ஆகிய நாட்களை ஒட்டி, நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். இவை நிழலில்லா நாட்கள் எனப்படுகின்றன. இவற்றை ஒட்டிய பல வாரங்களிலும் நண்பகல் ஒளி செங்குத்தாகவே விழுகிறது. அப்போது எடுக்கும் முகப்படங்களில் புருவத்தின் நிழல் கண்களை மறைக்கும்; மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். இந்நிழலை முன்னிருந்து மெல்லிய ஒளியால் நிரப்புவதே நிரப்பொளி ஆகும்.

நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 சுருளுக்கு 1/125 நொடி, எஃப்/16 என்பது பொது விதி. ஆள் 3 மீ. தொலைவில் நிற்க, வழிகாட்டி எண் 36 கொண்ட பிளாஷ் உள்ளது எனக் கொள்வோம். நிரப்பொளி வெயிலை விட ஒரு ஸ்டாப் குறைவாக இருந்தால் இயல்பாகத் தோன்றும்.

இதழ் ஷட்டர் உள்ள யாசிகா மேட் 124ஜி கருவியில் 1/500 நொடி, எஃப்/8 என மாற்றிக்கொள்ளலாம். பிளாஷ் எஃப்/5.6 அளவுக்கு ஒளி தந்தால் போதும். 5.6 × 3 = 17 ஆகும். 1/4 ஆற்றலில் வழிகாட்டி எண் 18 என்பதால், பிளாஷை 1/4 ஆற்றலில் வைக்க வேண்டும். பிளாஷ் விரைவில் மீண்டும் மின்னேறும், மின்கலமும் நீடிக்கும்.

குவியத்தள ஷட்டர் உள்ள பென்டாக்ஸ் 6×7 கருவியில் 1/30 நொடிக்கு மேல் செல்ல இயலாது. அதற்கு எஃப்/32 தேவைப்படும். வில்லைகள் பலவற்றில் எஃப்/22 க்குக் கீழ் துளை இல்லை. எஃப்/32 கிடைத்தாலும், பிளாஷ் எஃப்/22 அளவுக்கு ஒளி தர வேண்டும். 22 × 3 = 66 ஆகும். முழு ஆற்றலிலும் இது கிட்டாது, ஆள் 1.6 மீ. தொலைவுக்கு வர வேண்டும். வேகம் குறைந்த சுருளை இட்டாலோ, ஒளியைக் குறைக்கும் வடிகட்டியை மாட்டினாலோ பயனில்லை. இவை வெயிலையும் பிளாஷ் ஒளியையும் ஒரே அளவில் குறைக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறுவதில்லை. விகிதத்தை மாற்றுவது ஷட்டரின் வேகம் மட்டுமே. இக்கருவிக்கு 90 மி.மீ., 165 மி.மீ. அளவுகளில் இதழ் ஷட்டர் கொண்ட தனி வில்லைகள் விற்கப்பட்டமைக்கும் இதுவே காரணம்.

மர நிழலில் நிற்போரை, வெயில் படும் பின்புலத்துடன் எடுக்கும்போது வேறுபாடு இன்னும் கூடும். 1937 இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் மரங்கள் அடர்ந்த வளாகம் போன்ற இடங்களில் நிழலுக்கும் வெயிலுக்கும் மூன்று ஸ்டாப் அளவு வேறுபாடு இருக்கக்கூடும். பின்புலத்துக்கு ஏற்ப 1/250 நொடி, எஃப்/11 என வைத்து, 3 மீ. தொலைவில் பிளாஷை 1/2 ஆற்றலில் பயன்படுத்தினால், முகம் பின்புலத்தை விட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் மட்டுமே குறைந்து பதியும்.

ஒரு வரம்பையும் கருத வேண்டும். சிறிய பிளாஷ்கள் முழு ஆற்றலில் ஒளிர்ந்து ஓய ஏறத்தாழ 1/250 நொடி வரை ஆகலாம். 1/500 நொடியில் அதன் பிற்பகுதி வெட்டுப்படும். வானொலித் தூண்டிகளில் ஏற்படும் தாமதமும் இவ்வேகத்தில் ஒளியைக் குறைக்கலாம். எனவே முழு ஆற்றல் தேவைப்படும்போது 1/250 நொடியும், குறைந்த ஆற்றலில் 1/500 நொடியும் பொருத்தமாகும்.

சோதனை முறை

படச்சுருளை ஏற்றும் முன் ஒத்திசைவைப் பின்வருமாறு சோதிக்கலாம்.

1. கருவியில் சுருள் இல்லை என்பதை உறுதி செய்து, பின்மூடியைத் திறக்க வேண்டும்.
2. வில்லைத் துளையை முழுமையாகத் திறந்து, நெம்புகோலை எக்ஸ் நிலையில் வைக்க வேண்டும்.
3. பிளாஷைக் குறைந்த ஆற்றலில் வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்ப வேண்டும். கண்ணை நோக்கித் திருப்பலாகாது.
4. பின்புறமிருந்து வில்லையின் வழியே சுவரைப் பார்த்துக்கொண்டு ஷட்டரை இயக்க வேண்டும்.
5. ஒளிர்ந்த துளை முழு வட்டமாகத் தெரிந்தால் ஒத்திசைவு சரியாக உள்ளது. விண்மீன் வடிவில் தெரிந்தால் இதழ்கள் முழுதும் திறக்கும் முன்னரோ மூடத் தொடங்கிய பின்னரோ பிளாஷ் ஒளிர்கிறது. எதுவும் தெரியாவிட்டால் நெம்புகோல் எம் நிலையில் இருக்கலாம்.
6. எல்லா வேகங்களிலும் பலமுறை இவ்வாறு செய்ய வேண்டும். பத்து முறையில் ஒருமுறை பிளாஷ் ஒளிராவிட்டாலும் கம்பியையோ தொடர்பு முனையையோ தூய்மை செய்ய வேண்டும்.

குவியத்தளக் கருவியில் இதே சோதனையில் படச்சட்டம் முழுவதும் ஒளிர்கிறதா எனக் காண வேண்டும். எண்ணிமக் கருவி ஒன்று கைவசம் இருந்தால், அதில் அதே ஐ.எஸ்.ஓ., எஃப் எண், பிளாஷ் ஆற்றல் ஆகியவற்றை வைத்து முன்னோட்டப் படம் எடுத்துப் பார்க்கலாம். பிளாஷ் ஒளி மட்டும் விழும் அறைக்குள் இம்முறை நன்கு பயன்படும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

பிளாஷின் உள்ளே இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு மின்னேற்றப்படுகிறது. மின்கலத்தை நீக்கிய பின்னரும் இம்மின்னேற்றம் நெடுநேரம் எஞ்சியிருக்கும். பயிற்சி இல்லாதோர் பிளாஷைத் திறப்பது உயிருக்கு ஆபத்தானது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பழைய நிலைய பிளாஷ்களின் ஒத்திசைவுக் கம்பியில் காப்புறை வெடித்திருந்தால் அதனைப் பயன்படுத்தலாகாது. இத்தகைய பிளாஷைக் கம்பியின்றி வானொலித் தூண்டியால் இயக்கினால், கருவியைப் பிடித்திருப்பவர் அம்மின்சுற்றிலிருந்து பிரிக்கப்படுகிறார். எனினும் தூண்டியின் ஏற்பி தாங்கும் மின்னழுத்தத்தை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

நெடுநாள் பயன்படுத்தாத பிளாஷிலிருந்து மின்கலங்களை அகற்றி வைக்க வேண்டும். கசியும் மின்கலம் பிளாஷின் முனைகளை அரித்துவிடும். வில்லைகளில் பூஞ்சை பிடிப்பதும், ஷட்டர் எண்ணெய் இறுகி வேகம் குறைவதும் ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் அடிக்கடி நிகழ்பவை. சிலிக்கா கூழ்மப் பைகளுடன் காற்றுப்புகாத பெட்டியில் கருவியை வைப்பதும், மாதம் ஒருமுறையாவது ஷட்டரை எல்லா வேகங்களிலும் இயக்குவதும் இதற்குத் தீர்வாகும். வேகம் குறைந்த ஷட்டர் பிளாஷ் ஒளியின் அளவைப் பெரிதும் மாற்றாது. ஆனால் அதனுடன் கலக்கும் பகல் ஒளியைக் கூட்டிவிடும். எனவே நிரப்பொளிப் படங்களில் பின்புலம் மட்டும் தொடர்ந்து வெளிறித் தோன்றினால், பிளாஷை மாற்றும் முன் ஷட்டரின் வேகத்தைச் சோதிப்பது முறையாகும்.